பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து

வியாசர்பாடி
ஏப்ரல் 18

ரஞ்சித்துக்கு,

உன் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். எடுக்கப்போவதில்லை. போனில் பேசினால் நீ "பாத்துக்கலாம் குழலி" என்று சொல்லி வைத்துவிடுவாய், நான் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பேன். கப்பலுக்கு மெயில் போட்டால் உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். பதிலும் எழுத்தில் வரும். பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நீ தப்பிக்க முடியாது.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். வெண்ணிலாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அவள் பெயருக்கு முன்னால் என் எழுத்து வரட்டும் என்கிறேன். கா. வெண்ணிலா. ஐந்து வருஷத்தில் நீ கரையில் இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தால் ஒரு வருஷம் தேறாது. காய்ச்சல், தடுப்பூசி, தவழ்ந்தது, விழுந்தது எல்லாம் என் கையில். காலையில் பெரம்பூர் ஆஸ்பத்திரி லேபில் ஊர் ரத்தத்தை எல்லாம் பரிசோதித்துவிட்டு, மாலையில் இவளைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். எங்கே போனாலும் "அப்பா பேர் சொல்லு, இனிஷியல் சொல்லு" என்கிறார்கள். தூக்கிக்கொண்டு நிற்பவளின் பெயர் யாருக்கும் வேண்டாம்.

ஸ்கூல் கிளார்க் ராமதாஸ், "அப்பா ஆட்சேபம் இல்லன்னு எழுதிக் குடுத்தா போட்டுக்கலாம்" என்கிறார். அந்த ஒரு கடிதம் எனக்கு வேண்டும். தருவாயா, மாட்டாயா?

நேற்று உன் அம்மா வந்திருந்தார். வழக்கம்போல உள்ளே வரவில்லை. கீழே ஆட்டோவை நிறுத்தி, மூன்றாம் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். "மீன்புடி தடை முடிஞ்சி படகு எறக்கறப்ப கொழந்தைய அனுப்பிடும்மா. படகு முன்னாடி அணியத்துல அதத்தான் ஒக்கார வெக்கணும்." நான் வருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கார்குழலி


இந்தோனேசியா, கலிமந்தான் கரைக்கு வெளியே
ஏப்ரல் 27

குழலிக்கு,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். கோபம் புரிகிறது. ஆனால் நீ கேட்டதும் எனக்கு இந்தக் கப்பலே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்துவிட்டது. அதைச் சொல்கிறேன்.

எங்கள் சீஃப் இன்ஜினியர் அயர்லாந்துக்காரர், ஓ'கானர். அந்த 'ஓ' என்னவென்று கேட்டேன். பேரன் என்று அர்த்தமாம். கானர் என்று யாரோ ஒரு பழைய ஆள், அவருடைய வம்சம் முழுக்க 'ஓ' போட்டுக்கொள்கிறது. பக்கத்து ஸ்காட்லாந்தில் 'மாக்' என்றால் மகன். எங்கள் டெக் ஆட்களுக்கு மேஸ்திரியான போசன் பர்மாக்காரர், கோ ஆங். அவர் ஊரில் அந்த 'கோ' குடும்பப் பெயரே இல்லை, அண்ணன் என்று அர்த்தம். சின்னப் பையனாக இருந்தபோது 'மௌங்', அதாவது தம்பி. தலை நரைத்து நாலு பேர் மதித்தால் 'ஊ', மாமா. ஆள் வளர வளர முன்னால் நிற்கும் எழுத்தும் மாறுகிறது! வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் இருக்கிறார்களே, கேட்டுப் பார்.

எங்கள் செகண்ட் ஆபீசர் எகிப்துக்காரர். அவரை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அபு யூசுப்' என்பார்கள். யூசுப் அவருடைய மகன். 'அபு' என்றால் அப்பா. பிள்ளை பிறந்ததும் அப்பன் பிள்ளையின் பெயரைச் சுமக்கிறான். நம்மூரில் நேர்மாறு.

என் நிலைமை தெரியுமா? பாஸ்போர்ட்டில் என் இனிஷியல் 'சு'வை அப்பா பெயராக விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். குடும்பப் பெயர் சுப்புராயன் என்று ஆகிவிட்டது. ஏறிய நாளிலிருந்து இங்கே என்னை ஒருவரும் ரஞ்சித் என்று கூப்பிட்டதில்லை. "சுப்பு, கயிறு! சுப்பு, டீ!" என்றுதான்.

நீ கேட்டதைப் பற்றி யோசிக்கிறேன். அவசரப்படாதே, பாத்துக்கலாம். நம் வெண்ணிலா அம்முவுக்கு முத்தம்.

ரஞ்சித்


வியாசர்பாடி
மே 6

பட்டணத்துக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிறவனுக்கு,

ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டேன். நீ எனக்கு உலகத்தைச் சுற்றிக் காட்டுகிறாய். ஓ என்றால் பேரன், கோ என்றால் அண்ணன். நல்லது. பேத்திக்கு என்ன? பொண்டாட்டிக்கு என்ன? அதைக் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். உனக்கு வேண்டியது கதை, கையெழுத்து இல்லை.

கடைசியில் நீயே எழுதிவிட்டாய் பார், பாத்துக்கலாம் என்று. அந்த வார்த்தைக்கு எந்த மொழியிலும் ஒரே அர்த்தம்தான், முடியாது.

எனக்கு "பாத்துக்கலாம்". உன் அப்பாவுக்கு மட்டும் "சரி நைனா"வா? சனிக்கிழமை மீன் வாங்க காசிமேடு போயிருந்தேன். தடைக்காலம் ஆயிற்றே, படகெல்லாம் கரையில் ஏறி நிற்கிறது. சுரண்டுகிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள். உங்கள் படகுக்குப் பக்கத்தில் பெயிண்டர் ஷாகுல் ஹமீது பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பெரிய எழுத்தில் 'ர. வெண்ணிலா'. என்னைப் பார்த்ததும், "உன் வூட்டுக்காரு போன்ல சரின்னுட்டாராம்மே, சுப்புராயண்ணன் சொன்னாரு" என்றார். மீன் வாங்காமல் திரும்பினேன்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. உன் கதை அதுதான்.

எனக்கு அந்த 'ர' மேல் என்ன பகை? நான் காதலித்தவனின் எழுத்துதானே. ஆனால் உன் வீட்டில் அது எதற்குப் பயன்படுகிறது என்று உனக்குத் தெரியும். ஐந்து வருஷமாக உன் அப்பா இந்தப் படி ஏறியதில்லை. என் அம்மா தாயம்மா கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. நாங்கள் புத்தர் படத்தை மாட்டினாலும் அவர்களுக்கு நாங்கள் பழைய சாதிதான். குழந்தையை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார்கள், உங்கள் எழுத்து ஒட்டியிருப்பதால் அது உங்கள் குழந்தை. பெற்றவள் மாடியிலேயே நிற்க வேண்டும். அந்த எழுத்தால் என் பிள்ளையை என்னிடமிருந்து கழித்து எடுக்கிறார்கள் ரஞ்சித். எனக்கு அது பொறுக்கவில்லை.

இந்த மாதத்துக்குள் கடிதம் வரவேண்டும்.

கார்குழலி


கப்பலில்
மே 15

குழலிக்கு,

திட்டியதெல்லாம் சரி. அப்பா போனில் கேட்டார், என் வாயிலிருந்து "சரி நைனா" தானாக வந்துவிட்டது. நம் கல்யாணத்தைத் தவிர அவரிடம் நான் எதற்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. அந்த ஒரு தடவைக்கே ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் தலைகுனிந்து நின்றார். மறுபடியும் நிற்க வைப்பதா என்று இருக்கிறது. உனக்கு இது சாக்காகத் தெரியும்.

ஆனாலும் நீ கேட்டதைச் செய்துவிட்டேன். கேப்டனிடம் சொல்லி, ஆபீசில் டைப் செய்து, கப்பல் முத்திரையும் குத்தி, ஸ்கேன் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ராமதாஸ் எழுந்து நின்று வாங்குவார் பார்.

சீஃப் இன்ஜினியரிடம் நீ கேட்டதையும் கேட்டேன். அவர் ஊரில் பெண் பிள்ளைக்கு 'ஓ' கிடையாதாம். 'நீ' என்று போடுவார்களாம். கட்டிக்கொண்டு வந்தவளுக்கு வேறு. சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர். அவருடைய பாட்டி காலத்தில் கல்யாணமான பெண் புருஷன் பெயருக்கு முன்னால் 'டி' சேர்த்துக்கொள்வாளாம். இன்னாருடைய ஆள் என்று அர்த்தம். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். கேட்டாயே என்று சொல்கிறேன்.

அப்பாவிடம் இப்போது எதுவும் சொல்லவேண்டாம். ஸ்கூலில் 'கா' இருக்கட்டும், படகில் 'ர' இருக்கட்டும். நான் வந்ததும் பேசிக்கொள்ளலாம்.

ரஞ்சித்


வியாசர்பாடி
மே 23

ரஞ்சித்,

எழுந்து நின்றுதான் வாங்கினார். படித்ததும் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கடிதத்தை அனுப்பும் முன்னால் ஒரு தடவையாவது படித்தாயா? "எங்கள் கப்பலில் பணிபுரியும் திரு. சுப்புராயன், தன் மகள் வெண்ணிலாவுக்குத் தாயின் முதலெழுத்தை வைப்பதில் ஆட்சேபம் இல்லை என்று தெரிவிக்கிறார்." திரு. சுப்புராயன்! தன் மகள்! ரஞ்சித் என்ற பெயர் தேடினாலும் இல்லை. கையெழுத்துக்குக் கீழேயும் அதே சுப்புராயன்.

ராமதாஸ் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது? இதுல அப்பா ரஞ்சித்துன்னு கீது. அதுல சுப்புராயன்னு கீது. யாரும்மா சுப்புராயன்?" என் மாமனார் என்றேன். அவர் முகம் போன போக்கை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. வரிசையில் பின்னால் நின்றிருந்த பெண்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். பாஸ்போர்ட், இனிஷியல், விரித்து எழுதுவது என்று நான் என்னென்னவோ விளக்கினேன். "தாத்தா குடுத்தா செல்லாதும்மா. அப்பாகிட்ட வாங்கினு வா" என்று கடிதத்தைத் திருப்பித் தள்ளினார்.

வெயிலில் நடந்தே வந்தேன். அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு உன்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

கப்பலில் உன்னை உன் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று வேடிக்கையாக எழுதியிருந்தாய். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. அதனால்தான் நீ அவர் மாதிரியே பேசுகிறாய், அவர் மாதிரியே எல்லாவற்றையும் ஒத்திப்போடுகிறாய். நான் கட்டிக்கொண்டது ரஞ்சித் என்ற ஒரு ஆளை. அவன் எந்தத் துறைமுகத்தில் இறங்கிப் போனான்?

அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்றாயே, அதுவும் நடக்கவில்லை. உன் அம்மா மறுபடி ஆட்டோவில் வந்தார். நான் கீழே இறங்கிப் போய், உன் அப்பா பெயரில் வந்த கடிதத்தை அவர் வீட்டிலேயே கொடுப்பதுதான் முறை என்று அதை உன் அம்மா கையில் வைத்துவிட்டேன்.

கார்குழலி


கப்பலில்
ஜூன் 1

குழலி,

அப்பா கூப்பிட்டார். "நான் எப்படா எழுதிக் குடுத்தேன்? என் பேர வெச்சி எனக்கே ஆப்பு வெக்கிறியா?" என்று கத்தினார். சிக்னல் போய்விட்டது. நான் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம். கையில் போனை வைத்துக்கொண்டு டெக்கிலேயே நின்றேன்.

நீ அந்தப் பெண்கள் முன்னால் நின்றதை நினைத்தால் கடலில் குதிக்கலாம் போல இருக்கிறது. டைப் செய்தது மூன்றாம் ஆபீசர். கப்பலில் எனக்கு இருக்கும் ஒரே பெயரை அவன் போட்டிருக்கிறான். படித்தேன் குழலி. படித்தும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. அந்தப் பெயரைப் பார்த்தால் நான்தான் என்று எனக்கே பழகிவிட்டது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

கப்பல் நிலக்கரியோடு எண்ணூருக்குத்தான் வருகிறது. நடு ஜூனில் வெளியே நங்கூரம் போடுவோம். துறைமுகத்தில் நிறுத்த பெர்த் கிடைக்கும் வரை இறங்க விடமாட்டார்கள். கடிதத்தை என் கையால் எழுதி எடுத்து வருகிறேன். அதுவரை ஸ்கூலில் பேசிப்பார்.

ரஞ்சித்


வியாசர்பாடி
ஜூன் 9

ரஞ்சித்,

உன் கடிதம் வேண்டாம்.

இன்று லீவு போட்டுவிட்டு நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். பெயர் ரூத். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ராமதாஸைக் கூப்பிட்டு, "அம்மாவே வந்து கேக்குறாங்க. அப்புறம் எதுக்கு அப்பா லெட்டர்?" என்றார். அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கா. வெண்ணிலா. அம்மு தன் பெயரை எழுதிக் காட்டினாள், 'கா'வுக்குத் துணைக்காலைப் பெரிதாகப் போட்டு.

எனக்கு சந்தோஷம் வரவேண்டும். ஆத்திரம்தான் வருகிறது. உன் அனுமதியே தேவையில்லாத ஒரு காரியத்துக்கு இரண்டு மாதம் உன்னிடம் கெஞ்சியிருக்கிறேன். பிறகுதான் எனக்கே புரிந்தது. ராமதாஸ் கேட்டது ஒரு கடிதம். எனக்கு உன்னிடம் வேண்டியிருந்தது அது இல்லை. "என் பெண்டாட்டியும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம்" என்று நீ உன் அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெயிலில் சொன்னால் போதாது.

பதினாலாம் தேதி படகுக்கு பூஜை என்று உன் அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். என்னைக் கூப்பிடாத இடத்துக்கு அம்மு வரமாட்டாள் என்று பதில் சொல்லிவிட்டேன். என் அப்பா கோதண்டம்கூட "பெரியவரு மனசு நோவும், கொழந்தைய அனுப்பிடேன்" என்றார். கேட்கவில்லை.

கார்குழலி


எண்ணூருக்கு வெளியே, நங்கூரத்தில்
ஜூன் 15

குழலி,

இங்கிருந்து பார்த்தால் அனல் மின்நிலையப் புகைபோக்கி தெரிகிறது. முகத்துவாரக்குப்பத்துக் கரை தெரிகிறது. ஒரு தாண்டு தாண்டினால் வீடு. இருந்தும் மெயில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அசிங்கமாக இருக்கிறது.

தடை முடிந்த முதல் நாள் இல்லையா, விடிந்ததும் படகுகள் வரிசையாக வெளியே வந்தன. செகண்ட் ஆபீசரின் பைனாகுலரை வாங்கிக்கொண்டு நின்றேன். நம் படகு வந்தது. புது நீலம். வெள்ளை எழுத்தில் 'ர. வெண்ணிலா'. அந்த 'ர'வை அவள் பெயரைவிடப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். அணியத்தில் ஒரு மாலை மட்டும் தொங்கியது. அம்மு இல்லை. அப்பா சுக்கானைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டு போனார். இந்தக் கப்பலில் நான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தலை திரும்பவில்லை.

அபு யூசுப் பக்கத்தில் வந்து, "யார் அது?" என்றார். என் அப்பா என்றேன். "பெயர்?" என்றார். சுப்புராயன் என்றேன். "அப்படியானால் நீ யார்?" என்று கேட்டார். அவர் கேலியாகத்தான் கேட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

கரைப் பக்கம் என்பதால் டவர் கிடைத்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ எழுத்தில்தானே கேட்டாய்.

"நைனா, அந்த எழுத்த அழிச்சிடு."

"இன்னாடா சொல்ற? பூஜ போட்டு எறக்கன படகுடா!"

"கொழந்த இல்லாத பூஜ இன்னா பூஜ? அவளப் பெத்தவ குழலி. அவள கூப்டாத எடத்துல எம் பேரு எழுத்தும் வாணாம்."

"கப்பல்ல உன்ன சுப்புராயன்னுதானே கூப்புடறானுங்கோ. ஊருக்கெல்லாம் அதச் சொல்லி எவ்ளோ பெருமப்பட்டுகினு கீறேன் தெரியுமா? அப்பன் எழுத்து அவ்ளோ பேஜாரா பூட்சா உனுக்கு?"

"உன் பேரு பேஜாரு இல்ல நைனா. உன் பேர வெச்சிகினு நான் யாருன்னு எனுக்கே தெர்ல. எம் பொண்ணுக்கும் அது வாணாம். அவ பேரு மட்டும் இருக்கட்டும்."

அவர் பட்டென்று வைத்துவிட்டார். மறுபடியும் கூப்பிட்டேன், இந்தத் தடவை கூப்பிட்டேன் குழலி. எடுக்கவில்லை. படகு தெற்கே போய்ச் சின்னதாகிவிட்டது.

அவர் என்ன செய்வார் என்று தெரியாது. மறுபடி என் முகத்தில் விழிப்பாரா என்றும் தெரியாது.

அபு யூசுப் மாதிரி நானும் இன்று ஒரு எழுத்து வைத்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு மட்டும்.

வெ. ரஞ்சித்


வியாசர்பாடி
ஜூன் 22

ரஞ்சித்,

உன் அப்பா வந்திருந்தார்.

நேற்று மாலை நான் டியூட்டி முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். படியில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் அவர். ஒரு பையில் வஞ்சிரம், கையெல்லாம் நீலப் பெயிண்ட். வாசலில் நின்றுகொண்டு, "இன்னாம்மா, லிஃப்ட் வேல செய்யாதா?" என்றார். ஐந்து வருஷத்தில் என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

என் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தார். புத்தர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் அம்மாவிடம், "தண்ணி கீதா?" என்று கேட்டார். அம்மா அவசரமாக மொண்டு கொடுத்ததில் பாதி தரையில் போயிற்று. மீதியை உன் அப்பா குடித்தார். இன்னொன்றும் கேட்டுக் குடித்தார்.

அதற்காக மனிதர் மாறிவிட்டார் என்று நினைக்காதே. என்னிடம் ஒரு நல்ல வார்த்தை இல்லை. "எழுத்த அழிச்சிட்டேன். உனுக்காவ இல்ல. எம் புள்ள வாயத் தொறந்து ஒண்ணு கேட்டுட்டான், அதுக்காவ" என்றார். "ரெண்டு கோட்டு அட்ச்சும் அந்த 'ர' லேசா தெரியுது. சனியன் போவ மாட்டேங்குது" என்று பெயிண்டைத் திட்டினார். கிளம்பும்போது, அடுத்த தடவை படகு இறங்கும்போது அம்முவை அனுப்பு என்றார். நானும் வரலாமா என்று கேட்டேன். கேட்டே விட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "புள்ளைய தூக்கினு அணியத்துல யாரு ஏறுவா, நானா? முட்டி வலில சாவுறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதை நான் அழைப்பு என்று எடுத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அம்மு பால்கனியிலிருந்து "தாத்தா!" என்று கத்தினாள். கீழே இருந்து கையை ஆட்டினார். ஆட்டோவில் ஏறும் வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

சரி, இனி உன் விஷயம். கப்பல் உள்ளே வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். முந்தா நாளே பெர்த் கிடைத்துவிட்டதாம், உன் அம்மாதான் போனில் சொன்னார். அப்படியானால் இரண்டு நாளாக நீ எண்ணூரிலேயே உட்கார்ந்திருக்கிறாய். என்ன, கரி இறக்கும் டியூட்டியா? இல்லை, உன் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் எது உடைந்து விழும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாயா? அந்த வயதானவர் வலிக்கும் முட்டியோடு மூன்று மாடி ஏறிவிட்டார். ஒரு சுப்புராயன் வந்துவிட்டார். இன்னொரு சுப்புராயன்தான் பாக்கி.

உன் நம்பரை நான் இன்னும் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன். இனிமேல் மெயிலும் போடாதே. வந்து கதவைத் தட்டு. உள்ளே இருந்து "யாரு?" என்று கேட்பேன். முன்னால் எதையும் சேர்க்காமல் உன் பெயரை மட்டும் சொல்.

கார்குழலி